வான் பாயும் காபரேற்றர்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள், அதை நிறுத்திய இடத்திலிருந்து எடுக்கும்போது முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். கறுப்பாக ஒரு பொட்டுக் கிடந்தால் அது என்ஜின் ஒயில். இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நிறமில்லாத ஈரமாகக் கிடந்து, ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு போனால் அது பெற்றோல். அதை நாளைக்கென்று விடமுடியாது.

எங்கள் வீட்டில் நிற்பது ஹொண்டா சி 90. வாப்பா 1979இல் வாங்கியது. 1958இல் ஜப்பானில் சுப்பர் கப் என்ற பெயரில் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தது. 2017இல் அந்தக் குடும்பத்தின் மொத்தத் தயாரிப்பு பத்துக் கோடியைத் தாண்டியது. உலகத்தில் வேறெங்கெல்லாம் ஓடியதோ தெரியாது, எங்கள் கல்முனைப் பக்கத்தில் அது மீன் பெட்டி சுமந்தது, நெல் மூடை சுமந்தது, முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் இரண்டு பிள்ளைகளுமாகப் பாடசாலைக்குப் போனது. வாப்பா அதிலேதான் சம்மாந்துறை வயலுக்குப் போய்வந்தார். அவர் மௌத்தான பின்னர் வயலும் சைக்கிளும் என் பொறுப்புக்கு வந்தன. காலையில் பாடசாலைக்கு, பின்னேரம் வயலுக்கு என்று அது இன்றும் ஓடுகிறது.

அந்த ஓட்டத்துக்கு 2022இல் ஆபத்து வந்தது. அந்த ஆண்டை யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. நாட்கணக்கில் வரிசையில் நின்ற பிறகு, ஓகஸ்ட் மாதத்தில் கியூ.ஆர். முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். ஒரு லீற்றர் ஒக்டேன் 92 பெற்றோல் 450 ரூபா. சிறுபோக அறுவடை நெருங்கியிருந்த காலம். வெளியில் நிற்கும் சைக்கிளில் இரவில் பெற்றோலை உருவிக்கொண்டு போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எனவே எல்லோரையும்போல் நானும் சைக்கிளை இரவில் மண்டபத்துக்குள் உருட்டி விட்டேன். சமையல் வாயு கிடைக்காததால் அடுக்களையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மண்டபத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான்.

ஒருநாள் சுபஹுக்கு எழும்பியபோது வீடு முழுக்கப் பெற்றோல் வாடை. சைக்கிளின் கீழே விரித்திருந்த பத்திரிகை நனைந்திருந்தது. "இது உள்ள நிக்கிற வரைக்கும் நான் அடுப்பு மூட்டமாட்டன். பிள்ளையளுக்குத் தேத்தண்ணி இல்லாட்டியும் பரவாயில்ல" என்றார் என் மனைவி. அவர் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

சைக்கிளை வளவுக்கு உருட்டி, பிள்ளைகளின் பாணி மருந்துக்கு வரும் 10 மில்லிலீற்றர் மூடியை ஒழுகும் இடத்தில் பிடித்தேன். பதினைந்து நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 40 மில்லிலீற்றர். எட்டு மணித்தியால இரவுக்கு 320. ஏழு இரவுக்கு இரண்டேகால் லீற்றர். கோட்டாவில் பாதிக்கு மேல் சீமெந்துத் தரைக்குப் போகிறது. விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமென்றால், 2020இலேயே வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். பழையவற்றின் விலை புதியதை மிஞ்சிக் கிடந்தது.

காபரேற்றர் ஒழுகுவதைப் புரிந்துகொள்ள எங்கள் பகுதிக்காரருக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. குளமும் வயலும் தெரிந்தால் போதும். சீற்றுக்குக் கீழேயுள்ள தாங்கியைச் சேனநாயக்க சமுத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காபரேற்றரின் அடியில் இருக்கும் சின்னக் கிண்ணம் ஊர்க்குளம். தாங்கியிலிருந்து வரும் பெற்றோலைத் திறந்து மூடும் துருசு, கூர்முனையுள்ள ஓர் ஊசி. கிண்ணத்தில் ஒரு மிதவை கிடக்கிறது. பெற்றோல் ஏற மிதவையும் ஏறி ஊசியைத் தள்ளித் துருசை மூடும். என்ஜின் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மிதவையும் இறங்கும், துருசு திறக்கும். காவல்காரன் இல்லாமலே நடக்கும் நீர்ப்பாசனம்.

குளமென்றால் வான் இருக்கவேண்டுமல்லவா? கிண்ணத்துக்குள் ஒரு மெல்லிய பித்தளைக் குழாய் நிமிர்ந்து நிற்கிறது. மட்டம் அதன் வாய்க்கு மேலே போனால் பெற்றோல் அதற்குள் இறங்கி வெளியே வழியும். அதுதான் வான். அது இல்லாவிட்டால் மிஞ்சிய பெற்றோல் என்ஜினுக்குள் போய்ச் சிலிண்டர் வழியாக இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணீராகிப் போனால் என்ஜினின் ஆயுள் அவ்வளவுதான். ஒழுகுகிறதே என்று அந்தக் குழாய்க்கு ஆணி வைத்து அடைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். குளம் வான் பாய்கிறதென்று வானை மண்போட்டு மூடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

முதலில் எங்கேயிருந்து வருகிறதென்று பார்க்கவேண்டும். பெற்றோல் விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே கசிந்தது உலோகத்தைத் தழுவி வந்து, எல்லாவற்றிலும் பதிவான இடத்தில் துளியாகத் தொங்கும். ஆகவே என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வளவில், அடுப்பும் பீடியும் கிட்ட வராத இடத்தில் சைக்கிளை நிறுத்திக் காபரேற்றரைத் துடைத்துக் காயவிட்டேன். அதன்மேல் முகப்பவுடரைத் தூவினேன். என்ஜினை இயக்காமல் பெற்றோல் டெப்பை மட்டும் திறந்தேன். வெள்ளைத் தூளில் ஈரம் எங்கே முதலில் கறுக்கிறதோ, அதுவே ஊற்று.

மேலேயிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தேன். தாங்கியிலிருந்து வரும் இரண்டு றப்பர்க் குழாய்கள், ஒன்று சாதாரணப் பாவனைக்கு, மற்றது ரிசேவுக்கு. இறப்பர் பழையதானால் வளையும் இடத்தில் மயிரிழையாக வெடிக்கும். என்னுடையவை சரி. அடுத்து, இந்த மாதிரியில் காபரேற்றரோடு சேர்ந்தே இருக்கும் டெப். அடுத்து, கிண்ணம் மேற்பாகத்தோடு பொருந்தும் இடத்திலுள்ள கெஸ்கட். நெடுநாள் கசிந்த இடத்தில் பிளேன் டீ காய்ந்ததுபோல ஒரு பழுப்புக் கறை இருக்கும். கெஸ்கட்டில் அந்தக் கறை இல்லை. கிண்ணத்தின் அடியிலுள்ள ஸ்குறூவும் காய்ந்திருந்தது. வான் குழாயிலிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது. டெப்பை மூடிய பிறகும் சொட்டியது.

இதிலிருந்து இரண்டு குறைகள் இருப்பது தெரிந்தது. டெப்பை மூடியும் ஒழுகுவதென்றால் டெப் மூடவில்லை. திறந்திருக்கும்போது ஒழுகுவதற்குக் காரணம் காபரேற்றருக்குள் இருக்கிறது. டெப்பின் உள்ளே நான்கு துளைகள் கொண்ட ஒரு றப்பர் வொஷர் இருக்கும். கழற்றிப் பார்த்தால் அது கல்லாக இறுகியிருந்தது. புதியது போட்டதும் இரவில் ஒழுகுவது நின்றது, அடுப்பும் எரிந்தது. பலர் இத்தோடு விட்டுவிடுவார்கள். ஆனால் டெப்பை மூடிக்கொண்டு பயணம் போகமுடியாது. வீதியில் போகும்போது சூடான என்ஜினுக்குக் கீழே பெற்றோல் சொட்டிக்கொண்டே வருவதென்பது, நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு போவதுதான்.

கராஜில் இருந்த இளைஞர் கைத்தேர்ச்சி உள்ளவர். காபரேற்றரைக் கழற்றி ஊசியைக் காட்டினார். அதன் கூம்பில் மோதிரம்போல் ஒரு தேய்வு. புது ஊசி போட்டார், அது உட்காரும் இடத்தையும் துடைத்துவிட்டார். ஒழுக்கு நிற்கவில்லை. மிதவையில் துளை விழுந்து பெற்றோல் ஏறியிருந்தால் அது பாரமாகி மேலே வராது. எனவே அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தோம், சத்தமில்லை. சுடுநீரில் அமுக்கிப் பார்த்தோம், குமிழி வரவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு சைக்கிள்கள் காத்து நின்றன. "சேர், இனி இத வெச்சி மெனக்கெட வேணாம். சைனாக் காபரேற்றர் ஒண்டு போட்டா வேல முடிஞ்சிரும்" என்றார். அவருடைய நேரத்துக்கும் விலை இருக்கிறதே.

எங்கள் வயலுக்கு அடுத்த துண்டு ஒரு பழைய மெக்கானிக்குடையது. எழுபதைத் தாண்டியவர், கண்பார்வை குறைந்து தொழிலை விட்டுவிட்டார். வரப்பில் நின்று அவரிடம் கதையைச் சொன்னேன்.

"மட்டம் பாத்தீங்களா சேர்?" என்று கேட்டார்.

"இல்லையே காக்கா, எப்படிப் பார்க்கிறது?"

"மேசன்மார் அத்திவாரத்துக்கு எப்பிடிப் பாக்காங்க? அந்த மாதிரித்தான்."

ஒரு முழம் கண்ணாடிக் குழாய் வாங்கினோம். கிண்ணத்தின் அடியிலுள்ள வாயில் அதை மாட்டி, நிமிர்த்திக் காபரேற்றரோடு சேர்த்துப் பிடித்து, அடி ஸ்குறூவைத் தளர்த்தி டெப்பைத் திறந்தோம். குழாயில் ஏறி நிற்கும் பெற்றோலின் மட்டமும் கிண்ணத்துக்குள் நிற்கும் மட்டமும் ஒன்றுதான். ஊசி மூடாவிட்டால் அது ஏறிக்கொண்டே போகவேண்டும். எங்களுடையது ஓரிடத்தில் வந்து அசையாமல் நின்றது, கிண்ணத்தின் விளிம்புக்கும் கீழே, வான் குழாயின் வாய்க்கும் கீழே.

காக்கா குனிந்து, கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துருசு சரி. தண்ணி வானுக்குக் கீழதான் நிக்கிது. அப்ப இது வான் பாயல்ல சேர், கட்டு வெடிச்சிரிக்கி."

கிண்ணத்தைக் கழற்றி, ஒரு பத்திரிகையின் மேல் உயர்த்தி வைத்து, குழாயின் வாய்க்குக் கீழே நிற்கும்படி மண்ணெண்ணெய் ஊற்றினோம். சற்று நேரத்தில் அடியிலே ஒரு துளி திரண்டது. வாசிக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது பித்தளைக் குழாயின் பக்கவாட்டில், வாயிலிருந்து கீழ்நோக்கி ஒரு கீறல் தெரிந்தது, மயிரை ஒட்டிவைத்ததுபோல. எத்தனை ஊசி மாற்றினாலும் அந்தக் கீறல் கேட்காது. ஊசி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கீறலால் போனதை ஈடுசெய்யத் திறந்துகொண்டே இருந்தது.

கிண்ணத்தைச் சவர்க்காரமும் சுடுநீரும் போட்டுக் கழுவி ஒருநாள் வெயிலில் வைத்தேன். எண்ணெய் வாசம் இருக்கும் பொருளுக்குக் கிட்டச் சூட்டைக் கொண்டுபோகக் கூடாது. கடைத்தெருவில் றேடியோ திருத்தும் ஒருவர், குழாயை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கீறலைச் சுற்றி ஈயம் பற்றவைத்துத் தந்தார். ஒரு கடுகளவு ஈயம். அன்றிரவு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்திரிகையின் மேல் வைத்தோம். விடியும்போது பத்திரிகை காய்ந்தபடியே இருந்தது. புது கெஸ்கட்டோடு பூட்டுவதற்கு முன்னர் ஒயில் கம்பியை இழுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார் காக்கா. பெற்றோல் வாடை அடித்தது. கொஞ்சம் உள்ளேயும் போயிருக்கிறது. ஒயிலை மாற்றிய பிறகுதான் என்ஜினை இயக்கினோம்.

ஒரு றப்பர் வொஷர், ஓர் ஊசி, ஒரு கெஸ்கட், ஒரு கடுகளவு ஈயம், ஒயில் ஒரு தடவை. செலவு இவ்வளவுதான். அந்த வாரத்தின் 4 லீற்றரும் வீதியில் ஓடியது. அறுவடை மெஷின் வயலில் இறங்கிய அன்று நானும் அங்கே நின்றேன்.

இரும்புச் சாமான் என்றில்லை, வீட்டிலும் ஊரிலும் ஏதாவது ஒழுகத் தொடங்கினால் நாங்கள் ஈரம் கண்ட இடத்தைத்தான் முதலில் அடைக்கிறோம். அதுவும் சரிவராவிட்டால் முழுதையும் தூக்கி எறியப் பார்க்கிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி இருக்கிறது: மட்டம் எங்கே நிற்கிறது? அதைக் கேட்பதற்கு ஒரு முழம் குழாயும் ஒரு மணித்தியாலப் பொறுமையும் போதும். ஆனால் அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் கண்பார்வை குறைந்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறை நிறுத்தப்பட்டது. வாரத்துக்கு 4 லீற்றர் என்ற கணக்கை இப்போது யாரும் பேசுவதில்லை. அந்தக் கண்ணாடிக் குழாய் மட்டும் மண்டபத்து ஆணியில் தொங்குகிறது. கராஜ் இளைஞர் இரண்டு தடவை இரவல் வாங்கிப் போனார். மூன்றாம் தடவை வந்தபோது, எத்தனை அங்குலக் குழாய், எந்தக் கடையில் கிடைக்குமென்று விசாரித்துவிட்டுப் போனார்.