மாத்தளையில் கண்ட நீலத் தொப்பி

கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ9 வீதியை எம்மில் பலர் மூடப்பட்ட பாதையாகவும் சோதனைச் சாவடிகளாகவுமே நினைவில் வைத்திருக்கிறோம். அதே வீதியின் தென்பகுதியில் பெண்களின் கைத்தொழில் ஒன்று வளர்ந்திருக்கிறது. மாத்தளையிலுள்ள சின்னம்மாவிடம் போயிருந்தபோது அதை அறிந்துகொண்டேன்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு வடக்கே சிறிது தூரம் சென்றால் அலுவிகாரை வரும். கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட குகைக் கோவில் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கிராமத்திற்கு 1980களில் திரும்பி வந்த ஈனா டி சில்வா (1922–2015) என்ற பெண்மணி, ஊர்ப் பெண்களைச் சேர்த்து பத்திக், பூத்தையல் வேலைகளை ஆரம்பித்தார். கொழும்பில் 1960களிலேயே பத்திக் தொழில் நடத்தியவர் அவர். ஆகவே யார் வாங்குவார்கள் என்பதை அறிந்தே தொழிலைத் தொடங்கினார்.

அந்தப் பக்கத்து வீதியோரக் கடையொன்றில் ஒரு நீலத் தொப்பியைக் கண்டேன். கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகள் போடுவது போன்ற, முன்விளிம்பு நீண்ட தொப்பி. கையால் அவுரிச் சாயமிட்டது என்று சீட்டில் எழுதியிருந்தது. சாதாரணத் தொப்பியைவிட விலை பல மடங்கு அதிகம். "ஏனக்கா இவ்வளவு விலை?" என்று கேட்டேன்.

"ஒரு தரம் தோய்த்தால் இந்த நிறம் வராது தங்கச்சி" என்று கடையிலிருந்த அக்கா விளக்கினார்.

அவுரி இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்த நீரை அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அது தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்துப் பல நாள் புளிக்கவைத்த தொட்டியில்தான் கரையும். துணியை வெளியே எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சை நிறம். காற்றுப் பட்டதும் நீலமாகிறது. கருநீலம் வேண்டுமானால் பல தடவை தோய்த்துத் தோய்த்து ஆறவிட வேண்டும்.

தொப்பியில் இன்னும் கவனம் தேவை. துணி பருத்தியாக இருக்க வேண்டும். பொலியெஸ்டர் நூலில் தைத்திருந்தால் தையல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். விளிம்பினுள்ளே காகித அட்டை இருந்தால் ஊறிக் கெட்டுவிடும்.

ஜெர்மனியில் 1897இல் விற்பனைக்கு வந்த இரசாயன நீலமும் அவுரி நீலமும் உண்மையில் ஒரே பொருள்தான். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. எனவே சீட்டில் எழுதியதற்குச் செய்பவரின் நேர்மையே சாட்சி. ஒரு தடவை பொய் சொன்னால் அந்த விலை மீண்டும் கிடைக்காது.

சாயத் தொழில் எமக்கும் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிவப்புச் சாயத்திற்காகச் சாயவேர் தோண்டினார்கள். தோண்டியவர் எம்மவர், ஆனால் இலாபம் ஆட்சியாளருக்கு.

சகோதரிகளே, போருக்குப் பின் எமது ஊர்களில் தையல் இயந்திரமும் பயிற்சியும் தந்தவர்கள் பலர். வாங்குபவரைக் காட்டித் தந்தவர்கள் சிலரே. என் அயலிலும் இரண்டு இயந்திரங்கள் துணி மூடிக் கிடக்கின்றன. அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் முன், செய்த பொருளை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று கேளுங்கள். விலை போடும்போது துணிக்கும் சாயத்திற்கும் மட்டுமன்றி, நீங்கள் செலவிட்ட மணித்தியாலங்களுக்கும் கூலி சேர்த்து எழுதுங்கள்.