ஜீஸ் பெண்ட் போர்வைகள்

அமெரிக்காவின் அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் ஒரு சின்ன ஊர், ஜீஸ் பெண்ட். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் பழந்துணியில் தைத்த ஒட்டுப்போர்வைகளைப் பார்க்கப் பார்க்க அலுக்கவே இல்லை.

கோடு நேராகப் போகாது.
ஒரு கட்டம் பெருத்திருக்கும், பக்கத்துக் கட்டம் இளைத்திருக்கும். துணி பற்றவில்லையா? கையில் கிடைத்த வேறு நிறத்தை ஒட்டுப்போட்டு மேலே தைத்தார்கள். தப்பிய அளவே புது வடிவமானது.

மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு 1942-ல் ஒரு போர்வை தைத்தார். இந்த ஊர்ப் போர்வைகள் சிலவற்றில் முட்டி தேய்ந்து வெளுத்த இடமும், பாக்கெட்டைப் பிரித்த பிறகு தங்கிய அடர்நீலத் தடமும் அப்படியே தெரியும்.

2002-ல் இவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகச் சுவர்களில் ஏறின. பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும். 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை இவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது.

தையல் பழகுகிற தோழிகளே, வெட்டு தப்பிய துண்டைக் குப்பையில் போடாதீங்க. இந்தப் போர்வைகளின் படங்களை ஒருமுறை தேடிப் பாருங்களேன். உங்க வீட்டில் அப்படி எடுத்து வைத்த துண்டுகள் என்னென்ன இருக்கு?