பின்கட்டுக்கு வராத வைஃபை

எங்கள் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்னால் திண்ணை, அப்புறம் கூடம், முற்றம், சமையல்கட்டு, கடைசியில் தளம் போட்ட ஒரு அறை. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் திண்ணைப் பக்கமே ஓட்டை போட்டு, டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு வயர் மிச்சம். எங்களுக்குத் தலைவலிதான் மிச்சம்.

போன வருஷம் ஆவணி வரை யாருக்கும் இது தெரியவே இல்லை. ஆயா கூடத்தில் சீரியல் பார்ப்பார், நானும் அங்கேயேதான் படிப்பேன் (நம்புங்கள்). அப்போதுதான் அக்காவுக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால்தான் நிரந்தரம். கூடத்தில் டிவி சத்தம். பின்னறையில் சிக்னல் ஒரு கோடு, அதுவும் பீரோவைத் திறந்தால் போய்விடும். திண்ணையில் உட்கார்ந்தால் உப்பு லாரி ஹாரன். "நீங்க என்ன லாரி ஷெட்ல இருக்கீங்களா?" என்று மேலதிகாரி கேட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை.

இந்த இடத்தில்தான் நம்ம ஹீரோ என்ட்ரி. ஈசிஈ மூன்றாம் வருஷம் படிக்கிறவன் சும்மா இருப்பானா? "ஒரே ஒரு ரிப்பீட்டர் வாங்கினா போதும்பா, முடிஞ்சுது" என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறார். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர். தை பிறக்கிற வரை கையில் காசு புரளாது. உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்காலத்தில் அரசு கொடுக்கிற 5,000 ரூபாய் அப்போதுதான் வந்திருந்தது. அதிலிருந்து 1,500 எடுத்துக் கொடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

ரிப்பீட்டரை அக்கா மேஜைக்குப் பக்கத்திலேயே சொருகினேன். செல்போனில் கோடு முழுசாக வந்தது. வேகம் மட்டும் வரவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ரிப்பீட்டர் தானாக நெட்டைத் தயாரிப்பதில்லை. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் அதன் காதிலும் ஒன்றும் விழாது. பாதி வழியில், அதாவது முற்றத்தில், வைத்திருக்க வேண்டும். அங்கே வைத்தாலும் இன்னொரு சிக்கல்: என்னுடையது மாதிரி மலிவு ரிப்பீட்டருக்கு இருப்பது ஒரே ரேடியோ. கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. வேகம் பாதியாகிவிடும். முற்றத்தில் வைத்தும் பார்த்தேன். ஓரளவு வந்தது. வீடியோ கால் என்றால் மறுபடியும் உறைந்துபோன முகம்தான்.

வெட்கத்தில் இரண்டு நாள் இதையே தேடிப் படித்தேன். அப்போது கண்ணில் பட்டதுதான் தேனி கதை. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டாரத்தில் சின்னச் சின்ன கண் பரிசோதனை மையங்கள் வைத்திருந்தது. 2000களின் நடுவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு ஆராய்ச்சிக் குழு அவற்றை மருத்துவமனையோடு வைஃபை மூலமாகவே இணைத்தது. கோபுரமும் ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாவும் வைத்து, கிலோமீட்டர் கணக்கில்! கிராமத்தில் இருக்கும் நோயாளியிடம் தேனியிலிருந்தே டாக்டர் வீடியோவில் பேசினார். அதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்களுக்கும் முதலில் சொதப்பியது. வைஃபை ஒரு துண்டுத் தகவலை அனுப்பிவிட்டு "கிடைத்தது" என்கிற பதிலுக்குக் கண நேரம்தான் காத்திருக்கும். தூரம் அதிகமானால் பதில் வருவதற்குள் பொறுமை இழந்து, அனுப்பியதையே திரும்ப அனுப்பும். அதனால் இரண்டு முனையும் முறை வைத்துப் பேசுகிற மாதிரி விதியையே மாற்றி எழுதினார்கள். அந்த ஆய்வுக் கட்டுரை 2007-ல் வந்தது.

அவர்களுக்கு நடுவில் கிராமங்கள். எனக்கு நடுவில் ஒரு முற்றம். வயர் இழுத்தால் முடிகிற வேலைக்குக் காற்றை ஏன் நம்ப வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

நண்பன் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரை வாங்கி வந்தேன். முப்பது மீட்டர் நெட்வொர்க் கேபிள். (நூறு மீட்டர் வரை தாங்கும், பயப்பட வேண்டாம்.) முன் ரவுட்டரின் லேன் துளையிலிருந்து பின் ரவுட்டரின் லேன் துளைக்கு. பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. அடுத்த நிமிஷம் வீட்டில் பாதிப் போனுக்கு நெட் போச்சு. "டேய், என்னடா பண்ண?" என்று அக்கா பின்னாலிருந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கால் நடுவில் இருந்திருக்கிறாள். பிழை என்னவென்றால், புது ஆள் உள்ளே வந்தால் முகவரி கொடுக்கிற வேலையை இரண்டு ரவுட்டரும் செய்தன. பழையது, தானே வெளிவாசல் என்று எல்லோருக்கும் வழி சொல்லியிருக்கிறது; அதற்கு ஏது வெளிவாசல்? அதில் டிஹெச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியையும் 192.168.1.2 என்று மாற்றியதும் சரியானது.

அப்புறம் சேனல். இரண்டும் 6-ல் இருந்தன. ஒரே வாய்க்காலில் இரண்டு அளத்துக்காரர் தண்ணீர் எடுத்தால் ஒருவர் மடை அடைக்கும் வரை மற்றவர் நிற்க வேண்டியதுதானே? 2.4 கிகாஹெர்ட்ஸில் பதின்மூன்று எண்கள் இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை என்றால் 1, 6, 11 என்று மூன்றுதான் தேறும். முன்னதை 1-க்கும் பின்னதை 11-க்கும் தள்ளினேன். அப்படியும் அக்கா போன் பின்னறைக்குப் போன பிறகும் கூடத்து ரவுட்டரையே பிடித்துத் தொங்கியது. எப்போது மாறுவது என்பதைப் பெரும்பாலும் போன்தான் முடிவு செய்கிறது, ரவுட்டர் இல்லை. முன் ரவுட்டரின் சக்தியைக் குறைத்து வைத்ததும் விட்டது. சிக்னல் வராத வீட்டில் சிக்னலைக் குறைத்துச் சரிசெய்தேன் என்றால் ஆயா கூட நம்பவில்லை :-)

கார்த்திகை கடைசியில் மறுபடியும் நெட் விட்டு விட்டு வந்தது. கேபிள் முனையைப் பிடுங்கிப் பார்த்தால் செம்புப் பற்களில் பச்சை. உப்புக் காற்று. நான் புது முனை அடித்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "வயரு மேலேர்ந்து நேரா பொட்டிக்குள்ள எறங்குதே, தண்ணி எங்க போவும்?" என்றார். கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, வளைத்து, மறுபடி மேலேற்றிச் செருகச் சொன்னார். மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். அளத்து மோட்டாருக்கு அப்படித்தானாம். இணைப்புக்கு மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியதும் அவர்தான். மூன்று வருஷ ஈசிஈயில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

மார்கழியில் அக்காவுக்கு வேலை நிரந்தரம் என்று மெயில் வந்தது. முதல் முழுச் சம்பளத்தில் 1,500-ஐ எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். "இது அவன் கடன், நீ ஏன் குடுக்கற?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ரிப்பீட்டரைப் பாதி விலைக்கு யாராவது வாங்கிக்கொள்வதாக இருந்தால் சொல்லுங்கள். டப்பாவோடு இருக்கிறது.