திரும்பி வரும் போத்தல்

கண்ணாடியா, பிளாஸ்திக்கா என்ற கேள்வி நம் தாத்தா பாட்டி காலத்தில் எழுந்ததே இல்லை. தோட்டத்துத் திருவிழா என்றால் ஆரஞ்சும் சார்சியும் கண்ணாடிப் போத்தல்களில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். 1883இல் சிங்கப்பூரில் தொடங்கிய எஃப் அண்ட் என் நிறுவனத்தின் போத்தல்களைத் தெரியாத தோட்டப் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். குடித்து முடித்துக் காலிப் போத்தலைக் கடையில் கொடுத்தால்தான் வைப்புக்காசு கைக்கு வரும். எனவே யாராவது விட்டுச்சென்ற போத்தல் கிடந்தால் அதை எடுக்கப் பிள்ளைகளுக்குள் போட்டி!

1973இல் அமெரிக்காவில் நத்தானியல் வையத் 'பெட்' பிளாஸ்திக் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். கனமில்லை, உடையாது, திருப்பித் தரவும் வேண்டாம். திருப்பித் தர வேண்டாதது எங்கே போகும் என்பது பாகான் டத்தோவில் பிறந்த எங்களுக்குத் தெரியும். பேராக் ஆறு கடலில் கலக்கும் இடம் எங்கள் ஊர். ஈப்போ வழியாக ஓடிவரும் கிந்தா ஆறும் பேராக் ஆற்றில்தான் சேர்கிறது. நீர் வற்றும்போது கண்டல் வேர்களில் சிக்கியிருப்பவற்றுள் எது ஈப்போவில் குடித்தது, எது தெலுக் இந்தானில் குடித்தது என்று யாரால் பிரிக்க முடியும்?

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது போத்தலைவிடப் பைதான். என் அம்மா அங்காடிக் கடை வைத்திருக்கிறார். செம்பனைத் தோட்டத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்து பசியாறுவதில்லை. "பொங்குஸ்!" என்று ஒரு குரல் வரும்; கொதிக்கும் தேநீர் பிளாஸ்திக் பைக்குள் இறங்கி மோட்டார் கைப்பிடியில் தொங்கும். பாலிபுரொப்பிலீன் பால் போத்தல்களிலிருந்து ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 இலட்சம் நுண்துகள்கள்வரை உதிரலாம் என்றும், நீர் சூடாக ஆக அவை கூடும் என்றும் டப்ளின் ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள். அது நம் தேநீர்ப் பையைப் பற்றிய ஆய்வன்று. ஆயினும் அதைப் படித்த பிறகு பையில் தேநீர் ஊற்ற என் கை கூசுகிறது.

கண்ணாடிக்கு மாறலாம் என்று நான் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே: "சரிய்யா, கழுவுறது யாரு?" கண்ணாடியைப் புகழ்கிறவர்கள் பலர் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. விடுமுறையில் நான், மற்ற நாள்களில் அம்மாதான்.

கண்ணாடியும் குற்றமற்றதன்று. ஒருமுறை குடித்து எறியும் கண்ணாடிப் போத்தல் பிளாஸ்திக்கைவிட அதிகக் கேடு என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் கூறியது. மணலை உருக்கச் சுமார் 1500 பாகை வெப்பம் வேண்டும். கனத்தால் லாரி எண்ணெயும் கூடும். நீலகிரிக் காடுகளில் உடைந்த மதுப் போத்தல்கள் யானைகளின் கால்களைக் கிழித்தன. அதனால் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 மே மாதம் அங்கே போத்தலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் போத்தலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். தோட்டப் பிள்ளைகள் அறிந்திருந்த அதே வைப்புக்காசு! கண்ணாடி திரும்பி வந்தால்தான் அதற்கு மதிப்பு.

எங்கள் கடைக்குத் தினமும் அதே முகங்கள்தாம் வருகின்றன என்பதால் இது சாத்தியமானது. பழைய சிரப் போத்தல்களைக் கொதிநீரில் அலசிவைத்து, ஐஸ் தேநீருக்கும் இளநீருக்கும் 1 வெள்ளி வைப்புக்காசு வாங்குகிறோம். சூடான தேநீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். அதற்கு அவரவர் பிளாஸ்க்தான். படகுக்காரர்கள் கண்ணாடியே வேண்டாம் என்றார்கள். ஈரத் தளத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் அவர்கள், அது நியாயம்தான். உல்லாசப் பயணிகளுக்கு இன்னும் பைதான்.

தொடங்கியபோது 40 போத்தல்கள். சென்ற விடுமுறையில் எண்ணினேன், 31 இருந்தன. விடுபட்ட 9இல் 3 யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று அம்மாவுக்குத் தெரியும்.