"அண்ணா, ஒண்ணு வாங்கித் தாங்க!"

நண்பர்களே, ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் 'புகை நமக்குப் பகை' என்று ஒரு பக்கம் எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு ஊர் எளாவூர் பக்கம், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம். எட்டு வயதிலேயே பீடி வாங்கியவன் நான். குடிக்க அல்ல! ராத்திரி இறால் வலைக்குப் போகும் பெரியப்பா, "டேய், ஒரு கட்டு பீடி, ஒரு தீப்பெட்டி வாங்கினு வா. மீதி சில்லறைக்கு மிட்டாய் துன்னுக்கோ" என்பார். கடை ஆயாவும் எடுத்துக் கொடுக்கும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் என்பதெல்லாம் எனக்கும் தெரியாது, ஆயாவுக்கும் தெரியாது.

பிறகு பாலிடெக்னிக். பக்கத்துக் குப்பத்துப் பையன் ஒருவன் முதலாம் ஆண்டு சேர்ந்தான். வயது 16. தினமும் ஒரே ரயில். ஒருநாள், "அண்ணா, ஸ்டேஷன் கடைக்காரர் எனக்குத் தர மாட்டேங்கறாரு. ஒண்ணு வாங்கித் தாங்க" என்றான். அந்தக் கடைக்காரர் போர்டில் எழுதியிருந்தபடி நடக்கிற மனிதர். எனக்கு 18 முடிந்து இரண்டு மாதம். வாங்கிக் கொடுத்தேன். பெரிய மனுஷன் ஆகிவிட்ட மாதிரி கொஞ்சம் பெருமைகூட இருந்தது!

2020 முடிவில் மத்திய சுகாதார அமைச்சகம் அந்த வயதை 21 ஆக்கி ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. 2021 ஜனவரியில் மக்களிடம் கருத்தும் கேட்டார்கள். அப்புறம் அது சட்டமாகவில்லை. கர்நாடகம் தனியாகத் திருத்தம் கொண்டுவந்து 2025-ல் 21 ஆக்கியது. அபராதமும் 1000 ரூபாய் வரை. இலங்கையில் 2006 சட்டத்திலேயே 21தான். சிங்கப்பூரில் 2021 முதல்.

இதை வகுப்பில் சொன்னதும் ஒரே ரகளை. "ஓட்டுப் போடற வயசையே 1989-ல 21-லேருந்து 18-ஆ குறைச்சாங்க. எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கத் தெரிஞ்சவனுக்கு சிகரெட் வாங்கத் தெரியாதா?" என்றான் நண்பன். கைதட்டல். "ஆம்பளைக்குக் கல்யாண வயசு 21, டாஸ்மாக்லயும் 21" என்றேன். "டாஸ்மாக்ல எவன்டா வயசு கேக்கறான்?" என்றான். பதில் இல்லை என்னிடம்.

ஆனால் நம் டிப்ளமோ கணக்கைப் பாருங்கள். பத்தாவது முடித்து 15, 16-ல் உள்ளே வருகிறோம், 18, 19-ல் வெளியே போகிறோம். 18 என்ற கோடு சரியாக நம் கல்லூரிக்கு நடுவில் ஓடுகிறது. கேன்டீன் பெஞ்சில் வாங்கக் கூடியவனும் வாங்கக் கூடாதவனும் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறோம். 21 என்றால், பத்தாவதிலிருந்து நேராக வந்த எவனாலும் வாங்க முடியாது. அந்தத் தம்பிக்குக் கேட்க ஓர் அண்ணன் கிடைத்திருக்க மாட்டான். வயதை உயர்த்தினால் அதிகப் பலன் 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கே என்று 2015-ல் அமெரிக்க மருத்துவக் கழக அறிக்கையும் சொன்னது. அமெரிக்கா 2019-ல் 21 ஆக்கியது.

எங்கள் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எளாவூருக்கு அடுத்த ஸ்டேஷன் ஆரம்பாக்கம், அதற்கடுத்தது தடா. தடா ஆந்திரா. தமிழ்நாடு மட்டும் உயர்த்தினால் இரண்டு ஸ்டேஷன் டிக்கெட்தான் செலவு. அதனால் டெல்லியில் செய்தால்தான் உண்டு.

அந்த வரைவில் சில்லறையாக ஒற்றைச் சிகரெட் விற்கவும் தடை இருந்தது. ஆயாவிடம் சொன்னேன். "பாக்கெட்டா வாங்க நம்ம குப்பத்துல எவன்கிட்ட துட்டு கீது? நான் இன்னா பண்றது?" என்றது. அதுவும் நியாயம்தான். ஆனால் நான் அன்றைக்கு வாங்கிக் கொடுத்ததும் ஒற்றைச் சிகரெட்தானே!

போன வாரம் ரயிலில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். இப்போது நாளைக்கு நாலு ஐந்து ஆகிறதாம். "விட்டுடுடா" என்றேன். சிரித்தான்.

"கவலைப்படாதீங்கண்ணா. அடுத்த மாசம் எனக்கு 18. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."