சியர்ஸ் கடையில் பிறந்த கடன் அட்டை

வெளிநாட்டில் செல்லுபடியாகும் ரூபே அட்டையின் பின்புறத்தில் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப், பல்ஸ் என்று மூன்று சின்னங்கள் இருக்கும். இந்தியாவில் அதிகம் கேள்விப்படாத டிஸ்கவர் என்ற பெயர் அங்கே எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையாளரின் தேடலுக்குத் தொடக்கம். உடனடி விடை எளிது. ரூபேயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2012-இல் டிஸ்கவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் புதிதாக வந்த ஓர் இந்திய அட்டைக்குத் தன் வழியைத் திறந்துவிட அமெரிக்க நிறுவனம் ஒன்று ஏன் முன்வந்தது? அதை அறிய 1985-க்குப் போக வேண்டும்.

டிஸ்கவரைத் தொடங்கியது வங்கியன்று, சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனம். 1981-இல் டீன் விட்டர் என்ற பங்குத் தரகு நிறுவனத்தை வாங்கிய சியர்ஸ், துணி விற்கும் கூரையின் கீழேயே நிதிச் சேவையையும் விற்க முனைந்தது. 1985-இல் அட்லாண்டாவில் அட்டை சோதித்துப் பார்க்கப்பட்டது. 1986 ஜனவரியில் சூப்பர் பௌல் போட்டியின்போது நாடெங்கும் விளம்பரம் ஒளிபரப்பானது. அப்போது விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மூன்றும் களத்தில் வேரூன்றியிருந்தன.

டிஸ்கவர் இரண்டு சலுகைகளை முன்வைத்தது. மற்ற அட்டைகள் பல ஆண்டுக் கட்டணம் வாங்கிய காலத்தில் அதை அறவே நீக்கியது. செலவழித்த தொகையில் 1 சதவீதம் வரை திருப்பித் தந்தது. இன்று எல்லா வங்கிகளும் கூவி விற்கும் ‘கேஷ்பேக்’ பரவலானது இந்த அட்டையால்தான்.

சியர்ஸிடம் ஏற்கெனவே கடன் கணக்கு வைத்திருந்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்ததால் வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை. சிக்கல் கல்லாவில் இருந்தது. ஏற்கும் கடைகள் குறைவென்றால் அட்டையை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். வைத்திருப்பவர்கள் குறைவென்றால் கடைக்காரர் அதை ஏற்க மாட்டார். போதாததற்கு, சியர்ஸோடு போட்டியிடும் கடைகள் சியர்ஸுக்கே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பெரிய முதலாளி என்ற பலமே இங்கே பாரமாயிற்று. கடைக்காரர்களிடம் குறைந்த கட்டணம் வாங்கித்தான் டிஸ்கவர் இதைச் சமாளித்தது. தொடக்க ஆண்டுகள் நட்டத்தில் கழிந்தன. சியர்ஸோ 1993 வரை தன் கடைகளில் விசாவையும் மாஸ்டர்கார்டையும் அனுமதிக்கவில்லை. அதே ஆண்டில் டீன் விட்டரும் டிஸ்கவரும் சியர்ஸிலிருந்து பிரிந்தன. 1997-இல் மார்கன் ஸ்டான்லியுடன் இணைந்தன.

உண்மையான தடை வேறிடத்தில் இருந்தது. விசாவும் மாஸ்டர்கார்டும் அன்று உறுப்பு வங்கிகளுக்குச் சொந்தமான சங்கங்கள். உறுப்பு வங்கி எதுவும் டிஸ்கவர் அட்டையையோ அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையையோ வழங்கக் கூடாது என்று அவை விதி வைத்திருந்தன. விலையைக் குறைத்து வாடிக்கையாளரைப் பிடிக்கலாம். இந்த விதியை விலையால் உடைக்க முடியாது. 1998-இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் வழக்குத் தொடுத்தது. 2001-இல் விதி சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததும், டிஸ்கவர் இழப்பீடு கேட்டு வழக்காடியது. 2008-இல் 275 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. வேடிக்கை என்னவென்றால், இதே சியர்ஸ் 1990-இல் ஒரு சிறு வங்கியை வாங்கி அதன் மூலம் விசா அட்டை வழங்கப் பார்த்தது. விசா மறுத்தது, அந்த வழக்கில் இறுதியில் சியர்ஸ் தரப்பு தோற்றது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே டிஸ்கவர் தன் வலைப்பின்னலை விரித்தது. 2005-இல் ஏடிஎம் வலைப்பின்னலான பல்ஸை வாங்கியது. 2007-இல் தனி நிறுவனமானது. 2008-இல், 1950-இல் பிறந்த டைனர்ஸ் கிளப்பை சிட்டி குழுமத்திடமிருந்து 16.5 கோடி டாலருக்கு வாங்கியது. சீனாவின் யூனியன்பே, ஜப்பானின் ஜேசிபி ஆகியவற்றோடு, ஒருவர் அட்டையை மற்றவர் கடைகளில் ஏற்கும் உடன்பாடுகளும் உருவாயின. ரூபே இந்த வரிசையில் சேர்ந்ததில் வியப்பில்லை. தனியே உலகளாவ முடியாத நிறுவனத்துக்கு, தன் நாட்டில் மட்டும் கால்பதித்த இன்னொரு நிறுவனம் போட்டியன்று, பயணி. வலைப்பின்னலில் போக்குவரத்து கூடினால் இருவருக்கும் இலாபம்.

இக்கட்டுரையாளரின் கணிப்பில், டிஸ்கவர் நிலைத்தது அட்டையால் மட்டுமன்று; பிறருக்குத் தர ஒரு வலைப்பின்னல் கையில் இருந்ததால். வாங்கியவரும் அதைத்தான் நாடினார். 2025 மே மாதம் கேபிடல் ஒன் வங்கி டிஸ்கவரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. தன் டெபிட் அட்டைகளை டிஸ்கவர் வலைப்பின்னலுக்கு மாற்றும் வேலையையும் தொடங்கியது.