காசியில் இரண்டு கட்டில்

காசியில் கோதௌலியா சந்திப்போடு ஆட்டோவின் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் சந்துகள்தான். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மாடு வந்தால் இருவருமே. கூகுள் மேப்பின் நீலப்புள்ளியும் இங்கே குழம்பி, வீட்டுக்கு வீடு தாவும். மலிவு விலை ஹாஸ்டல்கள் பலவும் இந்தச் சந்துகளுக்குள்தான் இருக்கின்றன.

அப்படி ஒரு ஹாஸ்டலுக்குக் காலை ஆறரை மணிக்கு வந்து நின்றார்கள் மதுரைக்காரர்களான ஓர் அப்பாவும் மகளும். இரண்டு இரவு ரயில் பயணம். அப்பாவின் மடியில் ஒரு துணிப்பை. அதில் அம்மாவின் அஸ்தி. ஒன்பது மணிக்கு அனுமன் காட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் சாஸ்திரிகள். அதற்குள் குளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"செக்-இன் மதியம் ஒரு மணிக்கு" என்றார் ரிசப்ஷன் இளைஞர். சரி, பையையாவது வைத்துவிட்டுக் குளிக்கலாமா? அதற்கும் முதலில் அடையாள அட்டை வேண்டும். அப்பா பான் கார்டை நீட்டினார். பான் கார்டில் முகவரி இருக்காது. அதனால் தங்குமிடங்களில் அது பெரும்பாலும் செல்லாது. ஆதார் வீட்டு பீரோவில். டிஜிலாக்கரில் இறக்கலாம் என்றால், ஓ.டி.பி. ஆதாரில் பதிவான எண்ணுக்குத்தான் போகும். அப்பாவின் ஆதாரில் இருந்தது அம்மாவின் போன் நம்பர்.

மதுரையில் தம்பியை எழுப்பி, அணைத்து வைத்திருந்த அந்த போனை சார்ஜில் போடச் சொன்னாள் மகள். அது உயிர்பெற இருபது நிமிடம். தம்பி ஆறு எண்களை வாசித்தபோது அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஆதாரைப் பார்த்த இளைஞர் கண்ணைச் சுருக்கினார். "அங்கிளுக்கு 62 வயசா? டார்மெட்டரியில் 45 வயசு வரைதான்."

மகள் புக்கிங் பக்கத்தைத் தேடினாள். விதி இருந்தது, எல்லாவற்றுக்கும் கீழே. கட்டிய முன்பணம் திரும்ப வராது என்பதும் அதற்கடுத்த வரியில் இருந்தது. இளைஞர்கள் கூடும் இடம் என்று இப்படி வயது வரம்பு வைக்கும் ஹாஸ்டல்கள் மற்ற ஊர்களிலும் உண்டு. வயதானவர்கள் தேடி வருகிற காசியிலுமா? அந்த இளைஞரைக் குறை சொல்லியும் பயனில்லை. விதியை எழுதியவர் அவரில்லை.

"ஏம்மா, என்ன சொல்றாரு?" என்றார் இந்தி தெரியாத அப்பா.

"ரூம் இல்லையாம்ப்பா."

கங்கைக் கரையோடு தெற்கே நடந்தார்கள். அனுமன் காட் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. இளம் வயதில் பாரதியார் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் இங்கேதான். சாஸ்திரிகள் வீட்டில் எந்த அட்டையும் கேட்கவில்லை. "முதல்ல குளிச்சுட்டு வாங்கோ" என்று கொல்லைப்புறத்தைக் காட்டினார். ஒன்பதரைக்குப் படகு ஏறினார்கள்.

மாலையில் தம்பி அழைத்தான். "அப்பா, அம்மா போனை மறுபடி ஆஃப் பண்ணிடவா?"

"வேண்டாம்டா. சார்ஜ்லயே இருக்கட்டும்."